கோகிலனின் பீப்பாய்

கலைமாறனின் இடுப்பில் வேட்டி நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஜீன்ஸுக்கு மேலே சுற்றி, அதற்கும் மேலே தன் பெல்ட்டைப் போட்டு இறுக்கியும், அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் கீழே வழிந்தது. "தம்பி, ஒரு கையாலை வேட்டியைப் பிடியும், மற்றக் கையாலை தண்ணியைத் தெளியும்," என்றார் ஐயர். அவருக்கும் அவசரம்தான். மண்டபத்தை மத்தியானம் வரைக்கும்தான் தந்திருந்தார்கள். பாரிசில் செத்தவனும் வரிசையில்தான் போகவேண்டும். அடுத்த பிணத்தின் ஆட்கள் பூக்களோடு வெளியே காருக்குள் இருந்தார்கள்.

பெட்டிக்குள் பாலச்சந்திரன் கோட்டும் டையுமாகக் கிடந்தார். சாகும்வரை டை கட்டாத மனிதர். முகத்துக்குப் பவுடர் பூசி, தலையை வாரி, யாரோ வங்கி முகாமையாளர் மாதிரி ஆக்கிவிட்டிருந்தார்கள். நகக்கண்களில் இருந்த சாம்பல் நிறக் களிமண்ணை மட்டும் அவர்களாலும் எடுக்க முடியவில்லை. காலடியில் ஒரு கதிரையில் அவருடைய மனைவி திலகம் இருந்தாள். அவள் அழவில்லை. அவளுக்கும் சேர்த்து பாலச்சந்திரனின் அக்கா ஞானம்மா அழுதுகொண்டிருந்தாள்.

மகள் சுதர்சனா கதவடியில் நின்றாள். தகப்பனின் முகத்தைப் பார்க்கத் தாங்காமல் நிற்கிறாள் பிள்ளை என்று சனம் உச்சுக்கொட்டியது. உண்மையில் அவள் காவல் நின்றாள். அப்பா வேலைசெய்த இடத்திலிருந்து, ஜுராவிலிருந்து, இரண்டு பேர் காரில் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் பெட்டியை மூடி வண்டியில் ஏற்றிவிட வேண்டும். அதற்காகவே ஒரு மணித்தியாலம் பிந்திய நேரத்தை அவர்களுக்குச் சொல்லியிருந்தாள். அப்பாவுக்கு இத்தனை வருடம் சோறு போட்ட மனிதருக்குச் செத்தவீட்டு நேரத்தைப் பொய்யாகச் சொன்னோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. வேறு வழி தெரியவில்லை. அவர்கள் வந்தால் ஒரு கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்வி அம்மாவின் காதில் விழக்கூடாது.

2009இன் தொடக்கத்தில் பாலச்சந்திரன் பாரிசில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். திலகமும் இரண்டு பிள்ளைகளும் வன்னியில். ஒருநாள் எப்படியோ தொலைபேசி கிடைத்தபோது திலகம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆமியின் பக்கம் போவதா, சனத்தோடு போவதா? பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பெலில் அந்த நாட்களில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. நாலு பேரை விசாரித்துவிட்டு அவர் சொன்னார்: "சனத்தோடை போங்கோ. தனியப் போகாதேங்கோ." போனார்கள். சில கிழமைகளில், கஞ்சிக்கு நின்ற வரிசையில் ஷெல் விழுந்தது. வரிசையில் மகன் கோகிலன் நின்றான். அவனுக்குப் பன்னிரண்டு வயது.

முகாமிலிருந்து வெளியே வந்து, பேப்பர்கள் சரிவந்து, தாயும் மகளும் பாரிசுக்கு வந்து சேர மூன்று வருடம் பிடித்தது. ரூ பிலிப்-து-ஜிராரில், ஒரு நகைக்கடைக்கு மேலே இரண்டு அறை. அந்த வீட்டில் கோகிலனின் பெயரை ஒருவரும் உச்சரித்ததில்லை. அம்மா அப்பாவை ஒரு சொல் குறை சொன்னதில்லை. உங்களில் பிழையில்லை என்றும் சொன்னதில்லை. ஒருநாள் வாய்விட்டு ஏசியிருந்தால் மனிதர் அழுது தீர்த்துவிட்டு வீட்டோடு இருந்திருப்பார் என்று சுதர்சனா பலதடவை நினைத்திருக்கிறாள். அம்மா ஏசவில்லை. அப்பா இருக்கவில்லை.

அடுத்த செப்டெம்பரில், லா ஷப்பெலிலிருந்து ஒரு வான் வண்டியில், திராட்சைத் தோட்டமொன்றுக்கு முந்திரிகைப்பழம் பிடுங்கப் போனவர்களோடு அவரும் போனார். பழம் முடிந்ததும் மற்றவர்கள் திரும்பினார்கள். கொடி கத்தரிக்கும் கவாத்துக்கு ஆள் வேண்டுமாம் என்று அவர் அங்கேயே நின்றார். பிறகு கொடி கட்ட நின்றார், பிறகு களை பிடுங்க நின்றார். மாதத்தில் ஒருமுறை வந்து, குளித்து, சாப்பிட்டு, ஒருநாள் நித்திரை கொண்டுவிட்டுப் போய்விடுவார். லா ஷப்பெல் சும்மா இருக்குமா? "பாலண்ணைக்கு அங்கை ஒரு வெள்ளைக்காரி" என்று கதை கடைக்குக் கடை ஏறி இறங்கியது. திலகத்தின் காதுக்கும் வந்தது. அவர் கழற்றிப்போட்ட ஸ்வெட்டரை ஒருநாள் மணந்து பார்த்துவிட்டு, "வெந்தயம் மணக்குது. வெள்ளைக்காரி வெந்தயம் போடுவாளோ?" என்றாள். அந்த விஷயத்தில் அம்மா வாய்திறந்தது அந்த ஒருதரம்தான். பிறகு அவருக்குப் பிடித்த கணவாய்க் கறியை அடுப்பில் ஏற்றினாள்.

ஆகவே, அப்பா செத்துவிட்டார் என்று செய்தி வந்து, உடலை எடுத்துவரப் போன சுதர்சனாவும் ஒரு வெள்ளைக்காரியை எதிர்பார்த்தே போனாள். ஜுரா எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. சென் தெனியில் அவள் வேலைசெய்யும் பல்வைத்தியர் வைனைப் பற்றி நாள்முழுக்கப் பேசக்கூடியவர்; அவரே, "ஜுராவா? அங்கே பாற்கட்டியல்லவா செய்வார்கள்?" என்றார். சுவிஸ் எல்லைக்குக் கிட்ட, ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கினாள். வெள்ளைக்காரி நின்றாள். அறுபதைத் தாண்டிய ஜிஸ்லேன், முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து. பக்கத்தில் அவளைவிட ஒரு சாண் குள்ளமான கணவன் வின்சன்ற். தோட்டத்துக்கும் நிலவறைக்கும் சொந்தக்காரர்கள். இரண்டு பேரும் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. அப்பாவைப் பற்றித் தன்னைவிட இவர்களுக்கு அதிகம் தெரிந்திருக்கிறது என்ற எரிச்சல்தான் வந்தது.

முதலில் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். பெப்ரவரி மாதம். மலைச்சரிவு முழுக்க இலையில்லாத கொடிகள், கறுப்புக் கட்டைகள். காலை வைத்தால் சாம்பல் நிறக் களிமண் சப்பாத்தோடு ஏறி வந்தது; ஒவ்வொரு அடிக்கும் கால் கனத்தது. பாதி எண்ணெய்ப் பீப்பாயைச் சில்லு வண்டியாக்கி, வெட்டிய தடிகளை அதிலேயே எரித்துக்கொண்டு நகர்வார்களாம், கை விறைக்காமல். அந்த வண்டி நிரைக்கு நடுவே அப்படியே நின்றது. வண்டிக்கு இந்தப் பக்கம் கொடிகள் ஒட்டக் கத்தரிக்கப்பட்டிருந்தன. அந்தப் பக்கம் போன வருடத்துத் தடிகள் கலைந்த தலைமயிராக நின்றன. வின்சன்ற் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தபோது அப்பா அந்த இடத்தில் முகங்குப்புறக் கிடந்தாராம். மிச்ச நிரையை வெட்டத் தனக்குக் கை வரவில்லை என்றான் அவன்.

பிறகு நிலவறை. கதவைத் திறந்ததும் சுதர்சனா நின்றுவிட்டாள். வறுத்த வெந்தய மணம்.

"மணக்கிறதா?" என்று கேட்டான் வின்சன்ற். "வருகிறவர்கள் எல்லாரும் வால்நட் என்பார்கள். பாலா முதல்நாளே வேறு ஏதோ பெயர் சொன்னார். எங்களுக்கு விளங்கவில்லை. அடுத்தமுறை பாரிசிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்து என் மூக்கில் வைத்தார். அவர் சொன்னதுதான் சரி."

அது அந்த ஊரின் மஞ்சள் வைன். பீப்பாயில் ஆறு வருடத்துக்கு மேல் கிடக்கும். மற்ற ஊர்களில் பீப்பாய் குறையக் குறைய மேலும் வைன் ஊற்றி நிரப்புவார்கள், இங்கே நிரப்பக்கூடாது. குறைந்த இடத்தில் வைனின் மேலே பாலாடை மாதிரி மெல்லிய ஆடை ஒன்று படரும், அதைக் கலைக்காமல் விட்டால்தான் அந்த மணமும் ருசியும் வரும். இதெல்லாம் தெரியாத முதல் மாரியில், வின்சன்ற் ஊரில் இல்லாத ஒருநாள், அப்பா நிலவறையைக் கூட்டப் போயிருக்கிறார். தட்டிப் பார்த்தால் ஒரு பீப்பாய் குறையாக இருக்கிறது. வீட்டு வாசலில் நிறைகுடம் வைத்து வளர்ந்த மனிதருக்கு மனம் பொறுக்கவில்லை. பக்கத்துப் பீப்பாயிலிருந்து வாளியில் வடித்து விளிம்புவரைக்கும் நிரப்பிவிட்டு, முதலாளிக்கு நல்லது செய்த சந்தோஷத்தில் அதன் தலையில் ஒரு பூவும் வைத்திருக்கிறார்.

"அவரைக் கொல்லத்தான் நினைத்தேன்," என்றான் வின்சன்ற். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவனுக்கு. "ஒரு பீப்பாய், ஐந்து வருடம் கிடந்தது. ஆடை முழுக்கக் கிழிந்து அமிழ்ந்துபோய்விட்டது. பாலா மூன்று நாள் சாப்பிடவில்லை. கடைசியில் நாங்கள்தான் கெஞ்சினோம்."

ஜிஸ்லேன் அவளைக் கடைசி மூலைக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு பீப்பாயின் முகத்தில் சோக்கட்டியால் பிரெஞ்சு எழுத்தில் எழுதியிருந்தது: கோகிலன்.

"உன் தம்பியுடையது," என்றாள். "எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் ஒரு பீப்பாய் ஒதுக்குவோம், கலியாணத்துக்கு. பாலா கேட்டபோது பையன் பெரியவனாகிவிட்டான். பரவாயில்லை, பிந்தினால் என்ன என்று வைத்தோம்." பிறகு கேட்டாள்: "கனடாவிலிருந்து வந்துவிடுவான்தானே? உங்கள் சமயத்தில் மகன்தான் நெருப்பு வைக்க வேண்டும், எனக்குக் கவலையில்லை, கோகிலன் வைப்பான் என்று பாலா சொல்லியிருக்கிறார்."

 சுதர்சனா நின்ற நிலையில் அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டாள். கோகிலன் பதினெட்டில் சோதனை பாஸ் பண்ணியிருந்தான். பெரியப்பாவின் குடும்பத்தோடு டொரொன்டோவுக்குப் போயிருந்தான். கண்ணாடி போடத் தொடங்கியிருந்தான். போன நத்தார் பண்டிகைக்கு லொறி ஓட்டும் லைசென்ஸ் எடுத்திருந்தான். வருடா வருடம், கொடி கட்டும்போதும் பழம் பிடுங்கும்போதும், இந்த மலைச்சரிவில் அப்பா அவனை வளர்த்திருக்கிறார். எங்களுக்கு அவனுடைய பெயரைக்கூடத் தராத மனிதர், யாரோ இரண்டு வெள்ளைக்காரருக்கு அவனை முழுசாகக் கொடுத்திருக்கிறாரே என்று அவளுக்குக் கோபம் பொங்கியது. அந்தக் கோபத்தோடு உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள்.

"ஓம், வருவான்," என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று ரயிலில் வரும்வழியெல்லாம் யோசித்தாள். அம்மாவிடம் நிலவறையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "ஆரும் பொம்பிளை இருந்தவளோ?" என்று மட்டும் அம்மா கேட்டாள். "இல்லை அம்மா. ஒருதரும் இல்லை." அம்மா தலையாட்டினாள். இருந்திருந்தால் அம்மாவுக்குச் சுகமாக இருந்திருக்குமோ என்று சுதர்சனாவுக்குத் தோன்றியது. ஒருத்தி இருந்தால் அவளைத் திட்டலாம்.

இப்போது மண்டபத்தில் ஐயர் வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார். மகன் இல்லாத வீட்டில் பெறாமகன், அதாவது அண்ணனின் மகன்தான் முதலில் போடவேண்டும். அதற்காகத்தான் வில்லியே லே பெல்லிலிருந்து கலைமாறனைக் கூட்டிவந்திருந்தார்கள். அவன் இடதுகையால் வேட்டியைப் பிடித்தபடி, வலதுகையில் அரிசியை அள்ளினான். எல்லோரும் எழுந்தார்கள். சுதர்சனா அந்த ஒரு கணம் கதவிலிருந்து கண்ணை எடுத்து அப்பாவைப் பார்த்தாள். தோட்டக்காரர் எங்கேயும் நேரத்தோடு போகிறவர்கள் என்பதை அவள் யோசிக்கவில்லை.

கதவு திறந்து குளிர் உள்ளே வந்தது. கறுப்புக் கோட்டோடு ஜிஸ்லேன், கையில் நூலால் கட்டிய ஒரு கட்டுக் கொடித்தடி. பின்னால் வின்சன்ற். சுதர்சனா முன்னே போய் மறிப்பதற்குள் ஜிஸ்லேன் அவளைத் தாண்டிவிட்டாள். தேட வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை. பெட்டியருகே, வெள்ளை வேட்டியோடு, மகன் நிற்க வேண்டிய இடத்தில் ஒருவன் நின்றான்.

"கோகிலன்!" என்று அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். "கோகிலன், என் பிள்ளை!"

கலைமாறனின் கையிலிருந்த அரிசி தரையெங்கும் சிதறியது. ஞானம்மாவின் ஒப்பாரி பாதியில் நின்றது. அந்தப் பெயர் அங்கே எல்லோருக்கும் தெரியும். லா ஷப்பெல் கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலில் 'காலஞ்சென்ற கோகிலனின் அன்புத் தந்தையும்' என்று அச்சடித்திருந்தது. அவன் இல்லை என்று தெரியாதவர்கள் வந்த இருவர் மட்டுமே.

"இல்லை மதாம்," என்று கலைமாறன் பிரெஞ்சில் தடுமாறினான். "நான் அவன் இல்லை. நான் பெரியப்பா மகன்."

ஜிஸ்லேன் கையை எடுத்தாள். சுற்றிலும் பார்த்தாள். "அப்படியானால் கோகிலன் எங்கே?"

திலகம் கதிரையிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அந்த மனிசி என்ன கேக்கிறா?"

"ஒண்டுமில்லை அம்மா. துக்கம் விசாரிக்கினம்."

"எனக்குக் காது இருக்கு, சுதா. அவ பிள்ளையின்ரை பேரைச் சொன்னவ."

சுதர்சனா அம்மாவின் முன்னால் குந்தினாள். இனி மறைக்க இடமில்லை. குரலைத் தாழ்த்தி ஒரே மூச்சில் சொன்னாள். "அப்பா அங்கை, தம்பி உயிரோடை இருக்கிறான் எண்டு சொல்லி வைச்சிருக்கிறார். கனடாவிலை இருக்கிறானாம். இவ்வளவு வருசமும் அப்பிடித்தான் கதைச்சிருக்கிறார். இவைக்கு ஒண்டும் தெரியாது. அவன் ஏன் வரேல்லை எண்டு கேக்கினம்."

திலகம் பெட்டியைப் பார்த்தாள். பவுடர் பூசிய அந்த முகத்தை, கழுத்தை இறுக்கிய டையை, நகக்கண்ணை.  அவள் எழுந்து பெட்டியைத் தள்ளிவிடுவாள், அல்லது இத்தனை வருடமும் அடக்கிவைத்த ஏச்சை இப்போது கொட்டுவாள் என்று சுதர்சனா பயந்தாள். கொட்டட்டும் என்றும் இருந்தது.

"ஐயோ, என்ரை தம்பி என்ன வேலை செய்துபோட்டுப் போயிருக்கிறான்!" என்றாள் ஞானம்மா. "சொல்லு பிள்ளை அவைக்கு, பெடியன் அப்பவே—"

"மச்சாள், கொஞ்சம் பொறுங்கோ," என்றாள் திலகம்.

ஞானம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

"சுதா, அவைக்குச் சொல்லு. அவன்ரை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. கேஸ் முடியாமல் நாட்டை விட்டு வெளிக்கிட ஏலாது. வெளிக்கிட்டால் திரும்ப உள்ளுக்கு விடாங்கள். அதுதான் வரேல்லை எண்டு சொல்லு."

மண்டபத்தில் ஒருவரும் முகம் மாறவில்லை. அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் அதே காரணத்தால் தாய் தகப்பனின் செத்தவீட்டுக்குப் போக முடியாமற்போனவர்கள். ஐயர் கீழே குனிந்து அரிசியைக் கூட்டி அள்ளத் தொடங்கினார்.

சுதர்சனா மொழிபெயர்த்தாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. துக்கத்தில் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஜிஸ்லேன் திலகத்தின் முன்னால் முழந்தாளிட்டு அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். வின்சன்ற் தொப்பியைத் திருகியபடி, இந்த நேரத்தில் கேட்கக்கூடாதுதான், ஆனால் பீப்பாய் இருக்கிறது, பையனுக்குக் கலியாணம் எப்போதென்று தெரிந்தால் போத்தலில் அடைக்க வசதி என்றான். திலகம் என்னவென்று கேட்டாள். சுதர்சனா பீப்பாயைப் பற்றிச் சொன்னாள், அதில் எழுதியிருந்த பெயரையும் சொன்னாள்.

"கலியாணத்துக்கோ?" என்றாள் திலகம். "வாற ஆவணிக்குத்தானே இருபத்திமூண்டு. இப்ப என்ன அவசரம். கிடக்கட்டும் எண்டு சொல்லு."

கணக்குப் பார்க்க அவள் ஒரு கணமும் எடுக்கவில்லை.  சுதர்சனா அதையும் மொழிபெயர்த்தாள்.

ஜிஸ்லேன் கொடித்தடிக் கட்டை நீட்டினாள். பாலா கடைசியாக வெட்டியவை, பூவுக்குப் பதிலாக வைக்கலாமா என்று கேட்டாள். ஐயர் யோசித்தார். அவருடைய பதிலுக்குக் காத்திராமல் திலகம் எழுந்து அதை வாங்கி, தன் கையாலேயே பாலச்சந்திரனின் காலோரமாக வைத்தாள். அவருடைய டையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டாள். கலைமாறன் அரிசி போட்டான். பிறகு அவள் போட்டாள். மண்டபத்துக்காரர் மூடியோடு வந்து ஒதுங்கி நின்றார்கள்.

"பாலா அவனைப் பற்றிப் பெருமையாகத்தான் சொல்லுவார்," என்றாள் ஜிஸ்லேன், கண்ணைத் துடைத்தபடி. "தகப்பனை எப்போதோ தாண்டி வளர்ந்துவிட்டானாம். உண்மையா? அவ்வளவு உயரமா?"

சுதர்சனா கேள்வியைத் தமிழில் சொன்னாள்.

திலகம் பெட்டியின் நீளத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு அரிசி ஒட்டியிருந்த கையைத் தன் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினாள். சரியில்லை என்று நினைத்தவள், குதிகாலைத் தூக்கி, கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.